மேடையில் மூன்று சகோதரிகள், உத்தமபாளையத்தில் ஒருத்தி

வெளியே பனி விழுந்துகொண்டிருக்கும்போது உள்ளே உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறவர்களை நான் இங்கிலாந்தில்தான் பார்த்தேன். நாடகத்தின் இடைவேளையில் சின்னக் காகிதக் கிண்ணங்களில் விற்கிறார்கள். கரண்டி மூடிக்குள்ளேயே இருக்குமாம். அது தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருக்க, முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஷெரில் அதை எடுத்துக் கொடுத்தாள். அவள் கணவருக்குக் காய்ச்சல். வீணாகப் போகவிருந்த அவருடைய டிக்கெட்டில்தான் நான் வந்திருந்தேன்.

நாடகம், இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் எப்போதோ வாழ்ந்த மூன்று சகோதரிகளைப் பற்றியது. மூவருமே எழுத்தாளர்கள். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அவர்களைத் தெரியும். மேடையில் ஒரே ஒரு மேசை. ஒருத்தி தான் எழுதியதை வாசிக்க, மற்ற இருவரும் குறுக்கே பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வரிகளை அடிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. அந்தச் சண்டை மட்டும் முழுக்கப் புரிந்தது.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அது நடந்திருக்கிறது. என் அக்கா நூர்ஜகான் கல்லூரியில் படிக்கும்போதே கதை எழுதினாள். இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்தன. அத்தா அந்தப் பத்திரிகைகளைக் கடைக்கு எடுத்துப்போய் வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். எதை எழுதினாலும் அக்கா முதலில் எனக்குத்தான் வாசிப்பாள். ஒரு கதையில், கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, கூட்டிப்போக வரும் ஜீப்பைக் கண்டதும் அழுவதாக எழுதியிருந்தாள்.

"ஜீப்புல எடம் பிடிக்கிற அவசரத்துல எவளுக்குக்கா அழுக வரும்?" என்றேன்.

அக்கா முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டு, "அதுவும் சரித்தாண்டி" என்று அந்த வரியை அடித்தாள். கதை அச்சில் வந்தபோது அந்தப் பெண் முட்டி மோதி முதல் ஆளாக ஏறி, பின்னால் வருகிறவளுக்குத் துண்டைப் போட்டு இடம் பிடித்தாள்.

அக்காவை எங்கள் ஊரான உத்தமபாளையத்திலேயே ஒரு திராட்சை வியாபாரி வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் எனக்கு இங்கே வேலையிலிருந்த மாப்பிள்ளை அமைந்தார். அதன்பிறகு அக்கா எழுதவில்லை. பிள்ளைகள், மாமியாரின் வைத்தியம், தோட்டத்து ஆட்களுக்குச் சாப்பாடு, இவைதான் காரணம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குச் சகோதரிகள் உண்டா?" என்று ஷெரில் கேட்டாள்.

"ஒருத்தி. அவள் எழுத்தாளராக இருந்தாள்" என்றேன், எனக்கு வந்த ஆங்கிலத்தில்.

ஷெரில் கிண்ணத்தை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடடா. எப்போது இறந்தாள்?"

பதறிப்போய், நன்றாக இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள் என்றேன். "இருந்தாள் என்றாயே, அதனால் கேட்டேன்" என்று அவள் மன்னிப்புக் கேட்பதற்குள் விளக்குகள் அணைந்துவிட்டன. என் ஆங்கிலத்தில் பிழை எதுவும் இல்லை என்பதுதான் இருட்டில் என்னை அறுத்தது.

இரண்டாம் பாதியில் தங்கைகள் இருவரும் நோயில் இறந்துபோகிறார்கள். மூத்தவள் தனியாக மேசை முன் உட்கார்ந்து ஒரு பக்கத்தை வாசிக்கிறாள். வாசித்துவிட்டு, பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் மதியம் வாட்ஸப்பில் அழைத்தபோது அங்கே பொழுதடைந்து, அக்கா மக்ரிப் தொழுதுவிட்டு அடுப்படியில் நின்றாள். நாடகத்தை முழுக்கச் சொன்னேன்.

"மூணு பேரும் எழுதிக்கிட்டே இருந்தா அந்த வீட்ல சோறு யாரு பொங்குனா?" என்று கேட்டாள்.

"வேலைக்கு ஒரு அம்மா இருந்தாகக்கா."

"அதான பாத்தேன்."

இருவரும் சிரித்தோம். அந்தத் தைரியத்தில், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "நீ ஏங்க்கா எழுதுறத விட்ட? மச்சான் எதுவும் சொன்னாகளா?"

"அவுக என்னத்தச் சொன்னாக? பேனா, பேப்பரெல்லாம் வாங்கியாந்து குடுத்தாக. எழுதியும் பாத்தேன். நல்லாருக்குன்னு சொல்ல இங்கன எல்லாரும் இருக்காக. இது பொய்யின்னு சொல்லத்தான் ஆளில்லடி."

குறையாக அவள் சொல்லவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டேதான் சொன்னாள். புறப்பட்ட அன்று நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், ஊரை நினைத்து அழுதேன். அந்த மொட்டை மாடி வாசிப்பு நின்றுபோகும் என்று எங்கள் இருவருக்குமே அன்று தோன்றவில்லை. வந்துவிட்ட நாம் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்று ஓயாமல் பேசுகிறோம். நாம் இல்லாமல் அங்கே என்ன நின்றுபோனது என்று கேட்பதில்லை.

"இப்ப எழுதுக்கா. போன்ல படிச்சுக் காட்டு."

"போடி, போய் வேலையப் பாரு."

ஆனால் போன வாரம் அவளே அழைத்தாள். எழுதவில்லை, வாயால் சொல்லிப் பார்க்கிறேன் என்று ஒரு கதையைத் தொடங்கினாள். புறவழிச்சாலைக்கு நிலத்தைக் கொடுத்த ஒருவர், தினமும் காலையில் வந்து அந்தத் தார்ரோட்டு ஓரத்தில் நிற்கிற கதை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி நான் உம் கொட்டினேன். இணைப்பு இழுத்தது.

"ஏய், கேக்குறியாடி?"

"கேக்குறேங்க்கா, சொல்லு."

அவள் தொடர்ந்தாள். முந்தைய வரிக்கு நான் கொட்டிய உம் அடுத்த வரியின் நடுவில் போய் விழுந்தது. ஓரிடத்தில் எனக்குப் பொய் தட்டியது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உத்தமபாளையத்தில் கதை இரண்டு வரி தாண்டிப் போயிருந்தது.