வத்தலோடு காய்ந்தது

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ராஜலக்ஷ்மி மாமியின் வத்தலுக்குத் தனிப் பெயர். மணத்தக்காளி, சுண்டைக்காய், கொத்தவரை, எது கையில் கிடைத்தாலும் அலம்பி, மொட்டை மாடி வெயிலில் பரப்பிவிடுவாள். "அசந்தா நம்மளையும் காயப்போட்டுடுவா" என்று மற்ற மாமிகள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்டவள் எண்பத்தாறாம் வருஷம் கஞ்சாவை அலம்பிக் காயவைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஒருவரும் நம்பவில்லை. வினையே அதில்தான் வந்தது.

அவள் கணவர் சேஷன் அமைச்சகத்தில் ஹெட் கிளார்க். எலும்பில் புற்றுநோய். மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. ஹோலியன்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபி கொடுத்த பாலில் பாங்கு, அதாவது அரைத்த கஞ்சா இலை, கலந்திருப்பது தெரியாமல் குடித்துவிட்டுச் சாயந்திரம் வரை தூங்கினார். முகம் சுளிக்காமல் அவர் தூங்கி ராஜலக்ஷ்மி பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

டெல்லியில் கஞ்சாவுக்கு யாரும் விதை போட வேண்டியதில்லை, சாக்கடையோரம் தானாக மண்டிக் கிடக்கும். கொல்லைச் சுவரோரம் முளைத்த ஒன்றை அவள் பிடுங்காமல் விட்டாள். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். அகப்பட்டால் ஜெயில் என்று முந்தின வருஷம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. வேலை, குவார்ட்டர்ஸ், வைத்தியச் சலுகை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். பாத்திரம் தேய்க்கிற பொன்னிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஐப்பசியில் பூத்தது. பூவெல்லாம் ரோட்டுப் புழுதி, போதாததற்குக் கொசுமருந்துப் பொடி. இரண்டு பேரும் பக்கெட்டில் முக்கி முக்கி அலம்பினார்கள். பிசின் விரலில் ஒட்டிக்கொண்டது. பொன்னி விரலை முகர்ந்து பார்த்து, "இந்த வாசனைக்கு ஊரே வந்து நிக்கப்போவுது மாமி" என்று சிரித்தாள்.

ஸ்டோர் ரூமில் கொடி கட்டித் தொங்கவிட்டார்கள். மறுநாளும் ஈரம் போகவில்லை, லேசாக ஊசல் வாடை அடித்தது. வத்தல் போட்டுப் பழகிய கைக்கு அது பொறுக்குமா?

"மாடி வேணாம் மாமி, யார்னா பாத்துட்டா?" என்றாள் பொன்னி.

"மணத்தக்காளியோட மணத்தக்காளியா கிடக்கும், போடி!" என்று பாதியை முறத்தில் அள்ளிக்கொண்டு ஏறினாள் ராஜலக்ஷ்மி.

அன்றைக்கென்று மேல்வீட்டு அண்டர் செக்ரட்டரி வெங்கடராமன் டி.வி. ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்குப் போனார். முறத்தோடு இறங்கி வந்தார்.

"மாமி, இது என்னன்னு தெரியறதா? சாட்சாத் கஞ்சா!"

ராஜலக்ஷ்மியின் நாக்கு தானாகப் பேசியது. "பொன்னி ஏதோ காயப்போட்டா. நான் கீரைன்னு நெனச்சேன்."

குழாயடியில் இருந்த பொன்னி சாம்பல் கையோடு எழுந்தாள். "மாமி! நானா? ஐயாவுக்கு வலிக்குதுன்னு நீங்கதான..."

"வாயை மூடு! மாமி கஞ்சா காயப்போடுவாளா? போலீஸ்ல குடுக்காம விடறேனேன்னு சந்தோஷப்படு" என்றார் வெங்கடராமன்.

பொன்னி ராஜலக்ஷ்மியைப் பார்த்தாள். ராஜலக்ஷ்மி முறத்தைப் பார்த்தாள். அந்த பிளாக்கில் பொன்னி வேலை செய்த அத்தனை வீட்டுக் கதவும் இருட்டுவதற்குள் சாத்தியாகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்த பாதியில் உருண்டை பிடித்து ராஜலக்ஷ்மி கணவரிடம் எடுத்துப் போனாள். சேஷன் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"எல்லாம் காதுல விழுந்தது, ராஜி. வெங்கடராமன்கிட்ட போய் நிஜத்தைச் சொல்லிட்டு வா. அப்பறம் வாயைத் திறக்கறேன்."

"ஏன்னா, வேலை போயிடுமே."

"போகட்டும்."

மறுநாள் பூரா தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் முனகும்போதெல்லாம் பொன்னியின் முகம்தான் அவள் முன்னால் வந்தது. செய்தது பாவம், சந்தேகமே இல்லை. சொல்லிவிடுவது என்று படியேறினாள்.

வெங்கடராமனே கதவைத் திறந்தார். "வாங்கோ மாமி. நல்ல வேளை, பெரிய வம்புலேர்ந்து தப்பிச்சேள். நாளைக்கே வேற ஆள் அனுப்பறேன். பஹாடி, மலைக்காரி. சாது."

"ரொம்ப உபகாரம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

"சொன்னயா?" என்றார் சேஷன்.

"சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினார். வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள்.

காலையில் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நன்றாகத் தூங்கி எழுந்திருந்த சேஷன் படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தார். "பொன்னி, வந்துட்டயா? சாப்டயாம்மா?"

புதுசாக வந்தவளுக்குத் தமிழ் புரியவில்லை. நிமிர்ந்து ராஜலக்ஷ்மியைப் பார்த்தாள்.

"சாப்டாளாம்" என்றாள் ராஜலக்ஷ்மி.