மஞ்சள் உறை போட்ட டையோடு

இது கட்டுக்கதை இல்லை. சொன்னவர் என் மச்சான். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ஆள். சொல்லி முடிக்கும்வரை காதையே பார்த்தேன். சிவக்கவில்லை.

மச்சான் தகடு வெட்டும் பட்டறையில் எலக்ட்ரீஷியன். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸுக்கு முன்னால், கைக்குக் காவலாக, ஒளிக்கதிர்களாலான ஒளித்திரை உண்டு. கை குறுக்கே போனால் ரிலே என்கிற சுவிட்ச் 'டிக்' என்று விடுபட்டு, பிரஸ் நின்றுவிட வேண்டும். விடுபடப் பத்து மில்லிசெகண்ட் என்றது ரிலேயோடு வந்த டேட்டாஷீட். அதை வைத்துத்தான் பிரஸ்ஸிலிருந்து எவ்வளவு தள்ளித் திரை வைப்பது என்று மச்சான் குறித்தார். பிறகு பொறி பறக்காமலிருக்க ரிலேயில் டையோடு என்ற சின்னப் பாகம் ஒன்றைச் சேர்த்தார். டையோடு இருந்தால் ரிலே மெதுவாகத்தான் விடும். டேட்டாஷீட் சொன்னது டையோடு இல்லாத ரிலேயைப் பற்றி. அளந்து பார்த்திருக்கலாம். சோம்பல்.

பிரஸ் ஓட்டியவரைப் 'பாட்டுக்காரர்' என்பார்கள். எந்நேரமும் ஏதாவது முணுமுணுப்பார். ஒருநாள் பிரஸ் நேரத்துக்கு நிற்காமல் அவர் கை மாட்டியது. ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"தூங்கி வழிஞ்சிருப்பான்," என்றார் மேனேஜர். மச்சான் டையோடைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் விபத்தை விசாரிக்கச் சோதனை அதிகாரி வருவதாகத் தகவல். எல்லோரும் சாப்பிடப் போன நேரம், மச்சான் அந்த டையோடைக் கத்தரித்தார். அதன் கம்பிக் காலில் அவரே மாட்டிய மஞ்சள் உறை. வாசல் சாக்கடையில் வீசினார்.

ரிலேயை அளந்தார். டையோடு இல்லாததால் இப்போது பத்து வர வேண்டும்.

நாற்பத்து மூன்று.

மறுபடி... நாற்பத்து மூன்று.

புது ரிலேயை மாட்டினார். அதுவும் நாற்பத்து மூன்று.

ரிலேக்குப் போகும் வயரையே பிடுங்கினார். அமைதி.

டிக்.

முதுகுக்குப் பின்னால், பிரஸ் பக்கம்... மெல்லிய முணுமுணுப்பு.

அவர் திரும்பவில்லை.

அதிகாரி வந்து அளந்தபோது சமர்த்தாகப் பத்து வந்தது. "எப்பவும் இதே அளவுதானா?" என்றார். "ஆமா சார்." காது எரிந்ததாம். தவறு இறந்தவருடையது என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் பாட்டுக்காரரின் மனைவி கையில் ஒரு பையோடு மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"ஆஸ்பத்திரியில அவர் துணியைப் போட்டு சீல் வெச்சுக் குடுத்த பைண்ணா. பிரிக்க மனசே வரல. இன்னைக்குத்தான் பிரிச்சேன். அவர் சட்டைப் பையில இது இருந்துச்சு. பட்டறைச் சாமானா?"

உள்ளங்கையில் ஒரு டையோடு. இரண்டு காலும் கத்தரித்திருந்தது. மஞ்சள் உறை.

"தூங்கிட்டார்னு சொல்றாங்க. வேலையில தூங்குற ஆளாண்ணா அவர்?"

மச்சான் அதை வாங்கிக்கொண்டார்.

"அவர் தூங்கலம்மா. தப்பு என்னோடது."

மறுநாள் டையோடையும் பையையும் கொண்டுபோய் அதிகாரியிடமும் அதையே சொன்னார். அங்கேதான் அந்தப் பையின் சீலில் இருந்த தேதியைப் பார்த்தார்.

பாட்டுக்காரர் இறந்த நாள். அன்று அந்த டையோடு இன்னும் ரிலேயில்தான் இருந்தது.