கல்லோடு வந்த புடலங்காய்

லண்டனில் இருந்து மொன்றியலுக்கு வந்த என்னை, தங்கச்சி வசந்தி குடும்பத்தோடு விவசாயக் கண்காட்சிக்கு இழுத்து வந்திருக்கிறாள். ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். இங்கே சாணி மணமும் சோளம் அவிக்கிற மணமும் சேர்ந்து வருகின்றன. மச்சான் மாடு பார்க்கப் போய்விட்டார். வசந்தியோ மரக்கறிப் போட்டி மேசையை விட்டு அசைவதாயில்லை. கோடை முழுக்கப் பின்வளவில் அவள் பிள்ளை மாதிரிப் பார்த்த புடலங்காய், பாதி மேசையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அதன் நுனியில், காய் நேராக வளரவென்று கட்டிய கல் இன்னமும் தொங்குகிறது.

"ஐயோ அண்ணை, கல்லைக் கழட்ட மறந்திட்டன்!"

அதற்குள் நடுவர் அம்மா வந்துவிட்டார். கல்லைத் தூக்கிப் பார்த்து பிரெஞ்சில் ஏதோ கேட்கிறார். வசந்தியின் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறாள்:

"இதையும் சமைக்கிறதோ எண்டு கேக்கிறா, அம்மா."

"கல்லுக் கட்டாட்டி காய் சுருண்டு போம் எண்டு சொல்லு பிள்ளை."

நடுவர் தலையாட்டிவிட்டு, முதல் பரிசு நாடாவைப் பக்கத்துப் பூசணிக்காயில் குத்துகிறார். வசந்தியின் முகம் வாடிப்போகிறது.

கொஞ்ச நேரத்தில் நடுவர் தனியாகத் திரும்பி வந்து, மகளின் காதுக்குள் மெதுவாகக் கதைக்கிறார்.

"அம்மா, இவவின்ர வெள்ளரிக்காயெல்லாம் வளைஞ்சுதான் காய்க்குதாம். அந்தக் கல்லைத் தருவீங்களோ எண்டு கேக்கிறா."

வசந்தி கல்லை அவிழ்த்துக் கைக்குள் பொத்திக்கொள்கிறாள்.

"முதல்ல கேள் பிள்ளை, அடுத்த வருசம் இவ நடுவரா வாறாவோ, போட்டிக்கு வாறாவோ?"