சலூன்காரரின் பிடரிப் படங்கள்

அந்தக் கடைத்தெருவில் அவரது முகத்தை எல்லோருக்கும் தெரியும். அவருக்குத்தான் யாருடைய முகமும் சட்டென்று பிடிபடாது. முடிவெட்டியே வயதைக் கரைத்தவருக்கு ஊர் என்பது பின்பக்கமாகப் பார்த்த ஒன்று. பேருந்து நிறுத்தத்தில் யாராவது, "என்ன அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டால் அசட்டுச் சிரிப்போடு தலையாட்டி வைப்பார். ஆள் திரும்பி நடக்கத் தொடங்கியதும்தான், "அட, நம்ம இரட்டைச் சுழி!" என்று முகம் மலரும். அதற்குள் இரட்டைச் சுழி பேருந்தேறியிருப்பார். சலூன்காரருக்குத் தலைக்கனம் என்ற செய்தியும் அதே பேருந்தில் ஏறியிருக்கும்.

கடையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் வெட்டு நடக்கும். ஒன்றில் அடுத்தவர் காத்திருப்பார். மூன்றாவதற்குக் கால் ஆடுவதால் அதில் பழைய செய்தித்தாள்கள் மட்டும் உட்கார அனுமதி உண்டு. வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, எதிர்க்கண்ணாடியில் பின்னந்தலை தெரியும்படி காட்டுவார். எல்லோரும் "ம், சரி" என்பார்கள். யாரும் பார்த்ததில்லை, அவரவர் பார்வை அவரவர் மூக்கை விட்டு நகராது. ஒரே ஒரு மனிதர் மட்டும் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "யாருங்க இது?" என்று கேட்டார். "நீங்கதான் சார்" என்றதும் கூலியை வைத்துவிட்டுப் போனவர், அதன்பின் வேறு கடைக்கு மாறிவிட்டார்.

வாரவிடுமுறையன்று சலூன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஷாம்பு பெட்டிகளைக் கிழித்து விரித்து, அந்த அட்டைகளின் உட்புறத்தில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் படம் வரைவார். வரைந்தவை எல்லாம் பிடரிகள். காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பி பதித்த பள்ளம், சட்டைக் காலர் உரசிச் சிவந்த கோடு, கழுத்தை மீறி முதுகுக்குள் இறங்கப் பார்க்கும் பூனைமுடி. எல்லாம் நினைவிலிருந்தே வரும். எப்போது தொடங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு மழைநாளில் கடைக்கு ஆள் வரவில்லை, பக்கத்தில் பென்சில் கிடந்தது. அவ்வளவுதான்.

அவர் மனைவி மருத்துவமனையில் பதிவுச்சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் கைப்பிடி அகலத் துவாரத்தில் முகங்களாகவே பார்த்து அலுத்தவர். ஆனாலும் பிடரிக்கு அவர் கட்சி மாறவில்லை.

"ஊர் உலகத்துல மலை வரையுறான், மயில் வரையுறான். என் வீட்டுக்காரருக்கு வாய்ச்சது பிடரி."

"மயில் நம்ம கடைக்கு முடிவெட்ட வரலையே."

"வந்தா மட்டும்? அதையும் திருப்பி உக்கார வச்சு வாலைத்தான் வரைஞ்சிருப்பீங்க."

"மயிலுக்கு அதுதானடி விசேஷம்!"

இந்த அளவில் கலை வீட்டுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைத் தெருவுக்கு இழுத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான்.

"மாமா, இதையெல்லாம் சட்டம் போட்டுக் கண்காட்சி வைப்போம். சட்டம் போட்டா குப்பை கூட ஓவியம்தான்."

"அப்போ இது குப்பையாடா?"

"சட்டம் போடற வரைக்கும்தான் மாமா."

நூலகத்தின் மாடிக்கூடத்தை அவனே பேசி முடித்தான். அங்கே ஒரு விதி. படங்களோடு, கலைஞர் ஏன் வரைகிறார் என்று ஒரு தாளில் எழுதி மாட்ட வேண்டும். சலூன்காரர் யோசித்து, நேர்மையாக, "சும்மா" என்று எழுதிக் கொடுத்தார். நூலகத்து அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் மீதி இருக்கும் என்ற நம்பிக்கை.

"சும்மான்னு போட்டா, சும்மாவா ஹால் குடுத்தேன்னு மேலிடத்துல என்னைக் கேப்பாங்க சார். முறையா ஒரு காரணம் கொண்டு வாங்க."

வீட்டில் காரணம் தேடும் படலம் தொடங்கியது.

"சின்ன வயசுலயே அம்மாவைப் பறிகொடுத்தேன்னு ஆரம்பிங்க மாமா. படிக்கறவன் கண்ணு கலங்கிடும்."

"எங்கம்மா உள்ள டிவி பார்த்துட்டு இருக்காங்கடா."

"அதான் மெதுவாப் பேசுறேன்."

கடைசியில் பேராசிரியரிடம் போனார்கள். அவர் விரிவுரையாளராக ஓய்வு பெற்று, அதற்கடுத்த நாளே தம்மைத் தாமே பேராசிரியராகப் பதவி உயர்த்திக்கொண்டவர். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் தலைமையுரை அவருடையது. கருகருவென்று சாயம் பூசிய தலை. சலூன்காரரின் நெடுநாள் வாடிக்கையாளர். படங்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக்கூட மாட்டாமல், எழுதித் தள்ளினார்: 'இவை பிடரிகள் அல்ல. நமக்கு முதுகு காட்டிவிட்ட ஒரு சமூகத்தின் மௌன வாக்குமூலங்கள். இந்தக் கலைஞன் மனிதர்களை வரையவில்லை. நிராகரிப்பை வரைகிறான்.'

"நான் நிராகரிப்பையா வரையறேன் சார்?" என்றார் சலூன்காரர்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அது கலையே இல்லையே" என்றார் பேராசிரியர்.

இதற்கு என்ன பதில் சொல்வது? நாமாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் வந்திருப்போம்.

கண்காட்சி அமர்க்களப்பட்டது. தன் பிடரியை யாருக்கும் தெரியவில்லை, அடுத்தவன் பிடரியை எல்லோருக்கும் தெரிந்தது. வங்கி மேலாளர் ஒரு படத்தின் முன் நின்று, "யாருப்பா இந்த வழுக்கை, பௌர்ணமி மாதிரி?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற அவர் அலுவலக ஊழியர்கள் படத்தையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்து, வேலை முக்கியம் என்பதால் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் செய்தித்தாளில் பேராசிரியரின் வாசகம் அப்படியே வந்தது. சலூன்காரருக்குக் கிறுக்குப் பிடித்தது அன்றைக்குத்தான். அதைக் கத்தரித்துக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினார். மனப்பாடம் செய்தார். "கிருதா சின்னதா வச்சிடட்டுமா?" என்று கேட்கும் வாயால், "பாருங்க, நான் மனிதர்களை வரையறதில்லை" என்று சொல்லத் தொடங்கினார். சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறவரை யார் மறுத்துப் பேசுவார்கள்?

பெருநகரத்து ஓவியக்கூடம் ஒன்றிலிருந்து புதுப்படங்கள் கேட்டு அழைப்பும் வந்தது. கூட்டம் கடையை மொய்த்தது. எல்லோருக்கும் பிடரி வரையப்பட வேண்டும். அதுவரை நாற்காலியில் அழுக்குமூட்டை போலச் சரிந்து கிடந்தவர்கள் இப்போது கழுத்தை விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, இன்னைக்கு நான் கொஞ்சம் நிராகரிப்பா உக்காந்திருக்கேன், கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். கொஞ்சம் குனிங்க."

"குனிஞ்சா நிராகரிப்பு போயிடாதா?"

"குனியலைன்னா காது போயிடும்."

விடுமுறையன்று வழக்கம்போல ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். கை ஓடவில்லை. கண்ணை மூடினால் முன்பெல்லாம் கழுத்துகளாக வந்து நிற்கும். இப்போது வாசகம்தான் வந்து நின்றது. வாசகத்துக்கு எங்கே சுழி, எங்கே பூனைமுடி? ஆனாலும் அழைப்புக்கு மரியாதை செய்ய வேண்டுமே. கறுப்பும் சாம்பலுமாக அப்பினார். உருளைக்கிழங்கு போல உருண்டையாகச் சில படங்கள் உருவாயின. சாப்பாடு கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"இது யாரு?"

"நிராகரிப்பு."

"நிராகரிப்புக்குக் காது எங்க?"

சலூன்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் காதுக்கு இடமில்லை. பின்வந்த விடுமுறைகளிலும் அதே கதை. மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேர் போனால் போகட்டும், அழைப்பு போனாலும் போகட்டும். வாரத்தில் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் அவர் மற்ற நாட்களை ஓட்டியிருந்தார். அது போய்விட்டது என்பதை யாரிடமாவது சொல்லலாமென்றால், "சும்மா வரைஞ்சது இப்போ சும்மா வர மாட்டேங்குது" என்று சொல்லி எப்படிப் புரியவைப்பது?

பேராசிரியரிடமே போய் நின்றார்.

"காரணம் பழசாயிடுச்சு, அதான்" என்றார் பேராசிரியர். "இனிமே காலத்தை வரையுங்க."

சலூன்காரர் காலத்தையும் முயன்றார். அதுவும் உருளைக்கிழங்காகவே வந்தது.

அப்படியிருக்கையில் ஒருநாள் காலை, கடை திறந்த கையோடு பேராசிரியர் முடிவெட்ட வந்தார். வழக்கமாக நாற்காலியில் உட்காரும் முன்பே தலைமையுரையைத் தொடங்கிவிடுகிறவர், அன்று பேசாமல் உட்கார்ந்தார். துணியைப் போர்த்திவிட்டு, நீர் தெளிக்கக் கழுத்தைக் குனியவைத்தபோது சலூன்காரரின் கை நின்றது. முன்னால் பார்த்தால் மை போன்ற கறுப்பு. பின்னால், காதுகளுக்கு நடுவே, கை எட்டாத இடத்தில் ஒரு பட்டையளவு வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதன் ஓரத்தில் சாயத்தூரிகை தட்டுத்தடுமாறி, தோலில் இரண்டு கறுப்பு இழுப்புகள். அதற்கும் கீழே கசங்கிய காலர்.

"வீட்டுல அம்மா ஊருல இல்லையா சார்?"

"மக வீட்டுக்குப் போயிருக்கா. மூணு மாசம் ஆச்சு." துணிக்குள் கைகளைக் கோத்துக்கொண்டு, "வர்றதா இல்லைன்னு நினைக்கிறேன். அங்க நிம்மதியா இருக்காளாம். நான் வீட்டுலயும் மேடையில பேசற மாதிரியே பேசறேனாம்" என்றார்.

தலை குனிந்தே இருந்தது. நிராகரிப்பைப் பற்றி ஊருக்கே எழுதிக் கொடுத்த மனிதரின் கழுத்து, இப்போது அது எதுவும் தெரியாமல், பள்ளிக்கூடம் விட்டும் அழைத்துப் போக ஆள் வராத பிள்ளையின் கழுத்துபோல இருந்தது.

சலூன்காரர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாரோ, "என்ன, தூங்கிட்டீங்களா?" என்று பேராசிரியர் கேட்கும்படி ஆயிற்று. பிறகு சாயக்கிண்ணத்தை எடுத்து, கேட்காமலேயே, அந்த வெள்ளைப்பட்டையின் மேல் பொறுமையாகப் பூசினார். தோலில் இருந்த இழுப்புகளைப் பஞ்சால் துடைத்தார். ஓரங்களை ஒதுக்கி வெட்டினார். பேராசிரியர் எழுந்தபோது அவர் பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே தலைமையுரைக்குத் தயாராக இருந்தது.

அடுத்த விடுமுறையன்று கை ஓடியது. சூரியன் உச்சிக்கு வருமுன் வெள்ளைப்பட்டை அட்டையில் வந்துவிட்டது.

மச்சினன் பெருநகரத்துக்கு அனுப்பப் படம் கேட்டு வந்தபோது, சலூன்காரர் அதைத் தவிர எல்லா உருளைக்கிழங்குகளையும் வாரிக் கொடுத்தார். அவன் தடித்த சட்டமாகப் போட்டு, பேராசிரியரின் தாளையும் சேர்த்து அனுப்பினான். சில வாரங்களில் விமர்சனம் வந்தது. மனைவி உரக்கப் படித்துக் காட்டினார்.

"'காதுகளை முற்றாக நீக்கியிருப்பது துணிச்சலான முடிவு.' கேட்டீங்களா? துணிச்சலாம்!"

"விடு."

"அன்னைக்கு வராமப் போனது இன்னைக்குத் துணிச்சலா?"

"விடுன்னா."

மனைவி செய்தித்தாளை மடித்துவிட்டு, பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த அட்டையின் முன் குந்தி உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பாவம். கூட ஆளில்ல போல. பின்னாடி பூச எட்டல." பிறகு திரும்பி, "இதை ஏன் அனுப்பல?"

"அவர் பிடரி அவருக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

"அப்போ எதுக்கு வரைஞ்சீங்க?"

சலூன்காரர் இந்தக் கேள்விக்கு முதல்முறையாக வாசகம் இல்லாமல் யோசித்தார்.

"அன்னைக்கு நானே சாயம் பூசி, வெட்டியும் விட்டுட்டேன். உள்ள வரும்போது இருந்த கழுத்து வெளிய போகும்போது இல்ல. இப்போ அது எங்கேயுமே இல்ல. எல்லாரோடதும் அப்படித்தான். நான் ஒருத்தன்தான் பார்க்கறேன், பார்த்த கையோட நானே வெட்டிக் கூட்டித் தள்ளிடறேன். யாரோ ஒருத்தர் வச்சிருக்க வேண்டாமா?"

"அவ்வளவு இரக்கம்னா வெட்டாமலே அனுப்ப வேண்டியதுதானே?"

"வெட்டாம அனுப்பினா சாப்பாட்டுக்கு?"

"அதுக்குத்தான் நான் ஒருத்தி ஜன்னல்ல உக்காந்திருக்கேனே. நீங்க துணிச்சலான கலைஞராச்சே!"

சொல்லிவிட்டு எழுந்தவர், மறுபடி குனிந்து படத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இந்தக் காலர் சரியில்ல. துவைச்சுப் போட ஆளில்லாத மனுஷனுக்கு இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்? மடிப்புல அழுக்கு கோடா நிக்கும்."

"எங்க?"

"இங்க. கழுத்து படற இடத்துல."

சலூன்காரர் தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, பழுப்பைத் தொட்டார்.