சத்தம் குறைந்த துப்பாக்கி

‘லோ பிரஷர்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னால்கூட ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சவுக்குத் தோப்பை வளைத்துப் போட்டு ரிசார்ட் ஒன்று வந்தது. சனி ஞாயிறுகளில் மெட்ராஸ் கம்பெனி ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, பெயிண்ட்பால் துப்பாக்கியால் சுட்டு விளையாடுவார்கள். காற்று தள்ளுகிற வேகத்தில் கோலிகுண்டு அளவுப் பந்து பறந்து வந்து மேலே பட்டு உடையும். உள்ளே இருக்கும் சாயம் தெறிக்கும். ஐடிஐயில் ஃபிட்டர் படித்த எனக்கு அந்தத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை. என் அண்ணனுக்கு அவற்றால் சுடப்படும் வேலை.

ஆமாம், அதற்கும் ஆள் வைத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டால் ஆபீஸில் மனஸ்தாபம் வருமாம், பாவம்! அதனால் ‘திருடன்’ என்று ஒருத்தன் தோப்புக்குள் ஓட வேண்டும், எல்லாரும் துரத்திச் சுட வேண்டும். நடவும் அறுப்பும் இல்லாத மாசங்களில் எங்கள் காலனியில் திருடனுக்கு ஆள் கிடைக்காதா என்ன?

அண்ணனுக்கு முகமூடி உண்டு, பஞ்சு வைத்துத் தைத்த தடிமனான ஜாக்கெட் உண்டு. அப்படியும் தொடையும் முழங்கையும் கன்றிப்போய்த்தான் வீட்டுக்கு வருவான். அண்ணி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். “அந்த ஜாக்கெட்டு மட்டும் இல்லாங்காட்டி முதுவு இன்னாத்துக்கு ஆவும்?” என்று புலம்பிக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கோடையில் பந்துகள் தோல் காய்ந்து மொறுமொறுத்துப்போய், சுடும்போதே குழாய்க்குள் உடைய ஆரம்பித்தன. விருந்தாளிகள் கத்தினார்கள். எவரோ ஒருத்தர் மேனேஜரிடம், துப்பாக்கியை லோ பிரஷருக்கு மாற்றினால் சாஃப்டாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பந்துக்கு, அடிபடுகிறவனுக்கு இல்லை. அது சரிதான். பஜாரில் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போய் ஸ்பிரிங் தட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். “இன்னாம்மா, எந்தக் கோட்டையப் புடிக்கப் போற?” என்று பாய் சிரித்தார். இளகிய ஸ்பிரிங்காக மாற்றி, காற்று வருகிற துளை அகலமான வால்வைப் போட்டு, சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தைக் குறைத்து வைத்தேன். கதவை எட்டி உதைக்காமல் தோள் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி அது. உதை இல்லாததால் பந்து உள்ளே உடையாது. ஆனால் காற்று நிறைய வந்து தள்ளுவதால் வெளியே போகிற வேகம் அதேதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், முன்பு இருந்த வேகமே காட்டியது. சத்தம் மட்டும் ‘டமால்’ போய் ‘புஸ்’ என்று ஆகியிருந்தது.

மேனேஜர் நான் வேலை பார்க்கும் கொட்டகைக்கு வந்து, வெளியே இருந்த மரத்தில் ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். அந்தப் ‘புஸ்’ஸைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“சூப்பர்மா! இனிமே உங்கண்ணனுக்கு ஜாக்கெட்டே வேணாம். வெள்ளை பனியன் குடுத்துடலாம். போட்டோல கலர் நல்லா விழும்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “சார், சத்தம்தான் கொறஞ்சிகீது. அடி கொறையில.”

“லோ பிரஷர்னு நீதானே பண்ணே?”

“பந்து உள்ள ஒடையக் கூடாதுன்னு பண்ணேன் சார். வேகம் அதே வேகம். அத்தையும் கொறைச்சா பந்து மேல பட்டு ஒடையாது, உங்குளுக்குக் கலரும் வராது.”

“அதெல்லாம் வேணாம். கலர் வேணும். அடிதான் கொறஞ்சிடுச்சே.”

செவிடன் காதில் ஊதிய சங்கு. ஜாக்கெட் துவைக்கிற வேலை மிச்சம், போட்டோவுக்கு அழகு, அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. துப்பாக்கியை எடுத்தேன். “அப்ப நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க சார். ஒரே ஒரு பந்து. பனியன்கூட வேணாம், சட்டையோடவே நில்லுங்க.”

அவர் வாட்ச்சைப் பார்த்தார். பஸ் வருகிற நேரம் என்றார். அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் வந்த அண்ணன் என் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

“அதுக்கு வாய் ஜாஸ்தி சார், மன்ச்சிக்குங்க. நான் பனியனே போட்டுக்கினு ஓடறேன்.”

“அண்ணா, உனக்கு இன்னா கிறுக்கு புட்ச்சிகீதா?”

“சும்மா கெட. ஏரியில தண்ணி இல்ல, நெலத்துல வேல இல்ல. இத்தையும் வுட்டுட்டு எங்க போவச் சொல்ற?”

மேனேஜர் மேல் வந்ததைவிட அவன் மேல்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடிக்கிறவன் அடிக்கட்டும், முதுகைக் காட்டுகிறவனுக்கு மன்னிப்பு வேறு கேட்கத் தோன்றுகிறதே! அவனுக்கு எதிரே இதைச் சொல்லவும் செய்தேன். அவன் பனியனை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் போனான்.

ஆட்டம் முடிந்து வந்தபோது விருந்தாளிகள் கை தட்டினார்கள். பனியனில் நீலம், மஞ்சள், ஆரஞ்சு. தோளில் கை போட்டு ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “வலிக்கலையே பிரதர்?” என்று ஒரு பையன் நிஜமாகவே அக்கறையோடு கேட்டான். அண்ணன் தலையை ஆட்டிச் சிரித்தான்.

கொட்டகைக்குள் வந்து பனியனைக் கழற்றினான். முதுகில் கைவைக்க இடமில்லை. பிடரியில், முகமூடியின் பட்டைக்குக் கீழே, தோல் பிய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் துணியை நனைத்து ஒற்றினேன். பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றான். “முன்னல்லாம் பின்னால டமால்னு கேக்கும். மொத சத்தத்துக்கே குந்திக்கினு கையால கய்த்த மூடிக்குவேன். மத்ததெல்லாம் தலைக்கு மேல போய்டும். இன்னிக்கி ஒண்ணுமே கேக்கலயே, இன்னா பண்ண?”

குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பஸ் வருவதற்கு முன்னால், எல்லாத் துப்பாக்கிகளிலும் பழைய வால்வையும் பழைய ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டேன். அழுத்தத்தையும் பழையபடி ஏற்றி வைத்தேன். பந்து குழாய்க்குள் உடைந்தால் உடையட்டும், எவன் கத்தினால் எனக்கென்ன. ஆட்டம் தொடங்கி முதல் குண்டு ‘டமால்’ என்றதும் மேனேஜர் ஓடி வந்தார்.

“என்னம்மா, மறுபடியும் இப்படி வெடிக்குது?”

“ஆமா சார், வெடிக்கும்” என்றேன். அடுத்த ‘டமால்’ கேட்டதும் தோப்புக்குள் அந்த வெள்ளை பனியன் சட்டென்று குந்தியது.