கொம்பில்லாத முப்பது பழங்கள்

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பதினாறு வருஷமாக ஃபினிஷிங் வேலை பார்க்கிறேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறுகளைக் கத்தியால் சீவி, ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். என் கண்ணுக்கு ஒரு பிசிறும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

போன வருஷம் வெளிநாட்டுப் பழங்களைப் பொம்மையாகச் செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. அச்சு செய்யும் ரகீம் பெண்ணாடத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, அவருடைய புது அச்சிலிருந்து முப்பது பழங்கள் வந்தன. எல்லாவற்றிலும் உடம்பெல்லாம் முளை முளையாக இருந்தது. அச்சில் ஓட்டை விழுந்தால் மண் இப்படித்தான் துருத்தும்.

"கல்யாண அவசரத்துல அச்சைக் கெடுத்துட்டுப் போயிட்டான்" என்று திட்டிக்கொண்டே, முப்பதையும் முட்டை போல வழவழவென்று சீவி, ஈரத் துணியால் மூடி வைத்தேன்.

மறுநாள் ரகீம் துணியை விலக்கிப் பார்த்தார். போனை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு மஞ்சள் நிற ஆப்பிரிக்கப் பழம், உடம்பு முழுக்கக் கொம்போடு இருந்தது.

"இதுக்குக் கொம்புதான்க்கா அழகு. ஒவ்வொண்ணா செதுக்குனேன்."

"மொதலாளிகிட்ட நானே சொல்லிடறேன் தம்பி" என்றேன்.

"மண்ணு இன்னும் ஈரமாத்தான் இருக்குது. உக்காருங்க, ஒட்டிடலாம்."

சாயங்காலம் வரை இருவரும் கொம்பு உருட்டி ஒட்டினோம். அந்தப் பழத்தை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு எங்கெங்கே கொம்பு இருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரியும்.