சின்னராசு வாங்கின கையெழுத்து

எங்க ஊட்டுக்காரரு பேரு சின்னராசு. புருஷன் பேரைச் சொன்னா நாக்கா அழுகிடும்? நல்லா சொல்லுவேன். அந்தாளு பண்ண வேலைக்கு ஊரே சொல்லினு இருக்குது, நான் சொன்னா இன்னா?

தேர்வாய் கண்டிகை சிப்காட்டுல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. அது பேருக்குத்தான். நெஜமான வேலை எங்க எம்எல்ஏ தேசப்பனுக்கு. இவருக்கு அவரு “அண்ணன்”. பன்னெண்டு வருஷமா அண்ணன், அண்ணன்னு அதே பேச்சு. பொண்டாட்டிக்கு ஜுரம்னா லீவு கெடைக்காது, அண்ணன் கூட்டம்னா மூணு நாளு கெடைக்கும்!

தேசப்பன் முதல் எலெக்‌ஷன்ல சுயேச்சையா நின்னாரு. டெபாசிட் போச்சு. அன்னிக்கு அவரு கூட இருந்தவங்க மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவுல அடங்கிடுவாங்க, அதுல இவரும் ஒருத்தரு. ரெண்டாவது வாட்டி கட்சி சீட்டு குடுத்துது, தொண்ணூத்தாறு ஓட்டுல ஜெயிச்சாரு. எங்க பூத்துல மட்டும் இருநூறு ஓட்டு லீடிங். “மேரி, நாந்தான் அவரை ஜெயிக்க வெச்சேன்”னு இவரு அன்னிக்கு எங்கிட்ட அழுதாரு. மூணாவது வாட்டி தேசப்பன் வேற கட்சிக்குத் தாவுனாரு. இவரும் கூச்சமே இல்லாம கரை வேட்டியை மாத்திக் கட்டிக்கினாரு.

இவரு பூத் ஏஜென்ட். ஓட்டர் லிஸ்ட் மொத்தமும் மனப்பாடம். யாரு செத்தா, யாரு கல்யாணமாகிப் போனா, எல்லாம் வரிசை நம்பரோட சொல்லுவாரு. எங்க ஊடு தெருவுல முதல் ஊடு. லிஸ்டுல முதல் பேரு நானு, ரெண்டாவது அவரு.

மூணாவது எலெக்‌ஷன்ல எங்க ஜனம் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான். ஊருக்குப் பின்னாடி இருக்கற மேய்க்கால். எங்க அப்பன் ஆத்தா காலத்துல கூலி வேலைக்குப் போனவங்களுக்குச் சொந்தமா ஒரு சென்ட் நெலம் கெடையாது. மாடு மேயறதுக்கு அந்தப் பொது எடம் தான் இருந்துது. இப்பவும் அறுபது ஊட்ல பால் கறந்துதான் பொழப்பு. அதைக் கொடவுனுக்குக் கேட்டு ஒரு கம்பெனி சுத்திக்கினு இருந்துது. தேசப்பன் மைக்ல, “பெரியபாளையத்தம்மா மேல ஆணை, ஒரு புடி மண்ணு போவாது”ன்னாரு. இவரு ஊடு ஊடாப் போயி, “அண்ணன் சொல்லிட்டாரு, நான் கேரண்டி”ன்னாரு. ஜனம் தேசப்பனை நம்பல, இவரை நம்பிக் குத்துனாங்க.

ஜெயிச்சு ஒரு வருஷம் கழிச்சு எம்எல்ஏவோட பி.ஏ. லோகு ஒரு கட்டுப் பேப்பரோட வந்தான். பஸ் ஸ்டாப்புல ஷெட்டு போட மனு குடுக்கணும், ஊர் கையெழுத்து வேணும்னான். பேப்பர்ல கோடும் நம்பரும் மட்டும்தான். “மனுவை டைப் பண்ணி மேல சேத்துக்கறோம்”னான். எப்பவும் அப்படித்தான், இவரும் கேக்கல. லிஸ்ட் வரிசையிலயே ஊடு ஊடா வாங்குனாரு. அப்படி வாங்குனா ஒருத்தரும் விட்டுப் போவ மாட்டாங்களாம். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

அடுத்த மூணாவது மாசம் மேய்க்கால் சம்பந்தமா திருவள்ளூர்ல கருத்துக் கேக்கற கூட்டம். ஆட்சேபணை சொல்லணும்னு மாட்டுக்காரங்க எல்லாம் கெளம்பிப் போனோம், இவரும் கூட வந்தாரு. மேஜைக்கு அந்தாண்ட ஆபீசர், அவரு பக்கத்துல தேசப்பன்.

“உங்க ஊர்ல நானூத்திப் பன்னெண்டு பேர் நிலத்தைக் கொடுக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, இப்போ என்ன ஆட்சேபணை?” ஆபீசர் பேப்பரை நீட்டுனாரு.

பக்கத்து ஊட்டு தாவீது வாங்கிப் பாத்தான். “முதல்ல மேரி அக்கா, அப்புறம் சின்னராசு அண்ணன், அப்புறம் நானு... டேய், இது ஓட்டர் லிஸ்ட் வரிசைடா!” அம்மாம் பேரும் எங்க ஊட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தாங்க. அவரு மூஞ்சில ரத்தமே இல்ல. அவருக்கும் அப்பதான் தெரியுது.

“யோவ், எழுந்திரு!” நான் இடிச்சேன். “ஷெட்டுக்குனு ஏமாத்தி வாங்கினாங்கன்னு சொல்லு. அது ஒண்ணு போதும்யா!”

எழுந்தாரு. வாயைத் தொறக்கறதுக்குள்ள தேசப்பன் எழுந்து வந்து அவரு தோள் மேல கையைப் போட்டாரு. “சார், நம்ம சின்னராசு. என் கூட முதல் எலெக்‌ஷன்ல இருந்து இருக்கறவரு, பொய் பேசத் தெரியாது. இவர்தான் வாங்கினாரு, கேளுங்க.”

“நீங்களா வாங்கினீங்க?”

இவரு அண்ணன் மூஞ்சியை ஒரு வாட்டி பாத்தாரு. “ஆமா சார், நாந்தான்.”

மிச்சத்தைச் சொல்லுவாருன்னு நின்னேன். உக்காந்துட்டாரு.

நான் கத்துனேன், “ஐயா, அது பஸ் ஸ்டாப் ஷெட்டுக்கு!” ஆபீசர், “படிக்காமலாம்மா கையெழுத்துப் போட்டீங்க?”ன்னாரு. படிக்க அதுல இன்னா இருந்துது? புருஷன் நீட்டுனாரு, போட்டேன். ஆபீசர் ஏதோ எழுதிக்கினு அடுத்த ஃபைலை எடுத்தாரு.

வெளிய தேசப்பன் கார் கெளம்பிப் போச்சு. இவரு ரோட்ல நின்னு அதையே பாத்துக்கினு, “அண்ணன் நமக்கு ஏதாவது வழி பண்ணுவாரு மேரி”ன்னாரு. தேசப்பன் திருடன், அது ஊருக்கே தெரியும். இந்தாளு என் புருஷன் ஆச்சே!

பெரியபாளையம் பஸ் வந்துது. இவரு ஜன்னலோரம் உக்காந்தாரு. எங்க ஊர் ஜனம் ஒருத்தரும் அவரு பக்கத்துல உக்காரல. எனக்கு எடம் வெச்சு கைப்பையை சீட்டு மேல போட்டுக்கினு என்னையே பாத்துக்கினு இருந்தாரு.

பெரியபாளையம் வரைக்கும் நான் நின்னுக்கினே வந்தேன்.